மூன்று தலை நாயின் வாசல்

டர்ர்ர்ர்ர்!

மேசைமேல் கிடந்த கண்ட்ரோலர் துடிதுடித்துத் தரையில் விழுந்தது. கேம் டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினான். பெட்டிக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை. வயர் சுருட்டியபடியே கிடந்தது.

பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன் என்பதால் தெரு அவனுக்கு வைத்த பெயர்தான் கேம் டாக்டர். இந்தப் பெட்டியைக் காலையில் கொண்டுவந்தவள், புருஷனை இழந்த ஒரு தையல்காரி.

“டிஸ்க் சுத்துதான்னு மட்டும் பாருங்க தம்பி. மெமரி கார்டுல அவர் சேவ் பண்ணி வச்ச ஆட்டத்தைத் தொட்டுடாதீங்க. எங்க வீட்டுக்காரர் அதுலதான் இருக்காரு.”

“கவலைப்படாதீங்கக்கா, பேஷண்ட் மேல கீறல் விழாது” என்று சிரித்து அனுப்பிவிட்டான்.

சோதித்துப் பார்க்கச் சொந்த மெமரி கார்டைத்தான் போட வேண்டும். இத்தனை வருடத்தில் அவன் மீறாத விதி. ஆனால் இது அந்த கேம். செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்தில் இறங்கும் கிரேக்க வீரன். கடைசி வாசலில் மூன்று தலை நாய். பள்ளி நாட்களில் அந்த நாயிடம் எத்தனை முறை செத்தான் என்பதற்குக் கணக்கே இல்லை. வாசலுக்கு அப்பால் என்ன என்று இன்றுவரை தெரியாது.

வயரைச் செருகி, தையல்காரியின் கார்டைத் திறந்து பார்த்தான். அதில் இருந்த ஒரே சேவ், அந்த நாய்க்கு எதிரே நின்றது.

ஒரே ஒரு ஆட்டம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். கண்ட்ரோலர் கதகதப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கீழே வைத்ததுபோல. ஆட்டம் தொடங்கியதும் கடைக்குள் ஈரக் கல்லின் வாடையும் அழுகிய ரத்த வாடையும் பரவின.

நாய் பாய்ந்தது. கோடரியை வீசினான். முதல் தலை துண்டாகி உருண்டது. இரண்டாவது தலை வீரனின் தோளைக் கவ்வியது.

அவன் தோளில் சுரீரென்றது.

சட்டையில் நான்கு ஓட்டைகள். ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

கண்ட்ரோலரை வீசியெறியப் பார்த்தான். விரல்கள் பிரியவில்லை. வெட்டினான். வெறி பிடித்தவன்போல் வெட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாவது தலை வீரனின் தொடையைக் கடித்து உலுக்கியபோது, தன் எலும்பு விரிசல் விடும் சத்தத்தை அவன் காதால் கேட்டான். அலறிக்கொண்டே கோடரியை அதன் கண்ணுக்குள் இறக்கினான்.

நாய் சாய்ந்தது. வாசல் திறந்தது.

வீரன் மெல்லத் திரும்பினான். நாற்பது வயது முகம். மூக்கில் கண்ணாடி போட்ட தழும்பு.

“ரொம்ப தேங்க்ஸ் தம்பி” என்று கிசுகிசுத்தது.

திரையில் ஒரு கட்டம் வந்தது. ‘சேவ் செய்யவா?’ என்று கேட்கும், ஆயிரம் முறை பார்த்த கட்டம்தான். படிக்காமலே கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் எழுத்துகள் கண்ணில் பட்டன.

‘பழைய ஆளை விடுவித்துப் புதிய ஆளைப் பதியவா?’

இருட்டு.

கண் விழித்தபோது காலடியில் கல் தரை. கையில் கோடரி. எதிரே சுவரளவு கண்ணாடி. அதற்கு அப்பால் அவன் கடை, அவன் ஸ்டூல். அதன்மேல் அவன் உடம்பு. அது தோளைத் தடவிக்கொண்டு, நொண்டியபடி எழுந்துபோய் ஷட்டரைத் தூக்கியது.

வாசலில் அவன் மனைவி, சாப்பாட்டுக் கூடையோடு.

“ஏங்க! என்னங்க இது, உடம்பெல்லாம் ரத்தம்!”

“அது நான் இல்லடீ!” கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் நகங்கள் கல்லில் உரசின. வெட்டிய கழுத்துகளில் புதிய தலைகள்.

முதல் கடியில் முதுகுச் சதை பிய்ந்து போனது. அந்த வலியின் ஊடே, கண்ணாடிக்கு வெளியே தன் வாய் பேசுவது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

“கொஞ்சம் வழி விடுங்கம்மா. உள்ள ரொம்ப வருஷம் கிடந்துட்டேன், என் பொண்டாட்டி தேடிட்டிருப்பா.”