கேட்காமல் பறித்த நாற்று

முதலில் எறும்பு வரிசை என்றுதான் துரைராசு நினைத்தார். விடிந்து வெகுநேரமாகி, வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில்மேல் ஏறியிருந்தது. தலையணை ஓரத்தில், தையலை ஒட்டி, கறுப்பாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் ஒரே இடைவெளி விட்டுக் கிடந்தன. ஊதித் தள்ளக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எறும்பு இல்லை, முடி. நாலைந்து முடியாகச் சேர்த்து, நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, வேர்ப்பக்கம் எல்லாம் கிழக்கு ஜன்னலைப் பார்க்கும்படி யாரோ பொறுமையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

காதோரம் தொட்டுப் பார்த்தார். கழுவின பீங்கான் மாதிரி வழவழவென்றிருந்தது. நேற்று வரை அங்கே இருந்தது அவருடைய சொந்த முடி. பிறகு உச்சியைத் தொட்டார். அங்கே நட்டிருந்த முடியில் ஒன்றுகூட உதிரவில்லை. அடர்ந்து, குளிர்ந்து, வேரடியில் ஈரத்தோடு நின்றது. விரலை முகர்ந்தார். வாய்க்கால் திறந்துவிட்ட முதல் நாள் வயலில் எழும்புமே, அந்தச் சேற்று வாடை.

அடுப்படியில் மங்களாம்பிகை தாளிக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை. அந்த முறுக்கு யாருடைய கை என்று அவருக்குத் தெரியும்.

பூதலூருக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் துரைராசு கூட்டுறவுச் சங்கச் செயலாளர். ஆட்சி மாறும், சங்கத்து வாசலில் பறக்கிற கொடி மாறும், நாற்காலியில் இருக்கிற ஆள் மாறவில்லை. அந்த ஆளின் நெற்றி மட்டும் வருசத்துக்கு வருசம் பின்வாங்கிக்கொண்டே போயிற்று. இவருக்கு இளையவன் வைரக்கண்ணு. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே கிணற்றுத் தண்ணீர். அவனுக்கு மட்டும் தலை கொள்ளாத முடி.

எரிவாயுக் குழாய் வயலுக்குள் வரக்கூடாது என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்த வருசம், மைக்கைப் பிடித்துப் பேசினவன் வைரக்கண்ணுதான். காற்றில் முடி பறக்க அவன் கையை உயர்த்தி நின்ற படம் பேப்பரில் வந்தது. மங்களாம்பிகை அந்தப் பேப்பரை எடைக்குப் போடாமல் மடித்து வைத்தாள்.

"கொழுந்தனாருக்கு முடியப் பாருங்களேன், கருகருன்னு. நாப்பத்தஞ்சு வயசுன்னு யாராச்சும் சொல்வாங்களா?"

சும்மாதான் சொன்னாள். துரைராசுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அப்பா பாகம் பிரித்தபோது நல்ல வயல் இவருக்குத்தான் வந்தது. வாய்க்கால் தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை வயல். வாய்க்கால் கடைசியில், தண்ணீர் வந்தால் வந்தது என்று கிடந்த வயல் தம்பிக்கு. அப்படியும் ஒரு ஐப்பசி வெள்ளத்தில் இவருடைய நாற்றங்கால் அழுகிப்போயிற்று. தம்பியின் நாற்று மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. நாற்று இல்லாதவன் கேட்டு வாங்கலாம், அது அந்த ஊர் வழக்கம். கொடுக்கிறவன் முதல் பிடியைத் தன் கையால் பறித்துத் தருவான். அப்படித் தராமல் எடுத்த நாற்று எந்த வயலில் நின்றாலும் பறிகொடுத்தவனுடைய நாற்றுதான். அவன் அந்த வயலில் இறங்கலாம், களை எடுக்கலாம், தடுக்க எவனுக்கும் பாத்தியதை இல்லை.

தம்பியிடம் போய்க் கேட்க நாக்கு எழவில்லை. ஆள் விட்டுப் பறித்து நட்டுவிட்டார்.

மறுநாள் வைரக்கண்ணு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைமடை வயலுக்குள் இறங்கினான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே அண்ணே."

"வயல விட்டு ஏறுடா!"

"என் நாத்து நிக்கிது. நான் ஏன் ஏறணும்?"

அறுப்பு வரைக்கும் அவன் வந்தான். பேசமாட்டான். வரிசை வரிசையாகக் குனிந்து களை எடுப்பான். எடுத்த களையைப் பிடிபிடியாக முறுக்கி, வேர் கிழக்கு வெயிலில் காயும்படி வரப்பில் அடுக்கிவிட்டுப் போவான். அந்தக் கோபத்தில் துரைராசு தஞ்சாவூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். பேச்சுவார்த்தை நின்றது. பொறாமை நிற்கவில்லை.

வெங்காயச் சாறு, செம்பருத்தி எண்ணெய், டெலிவிஷனில் காட்டுகிற தைலம் என்று எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தஞ்சாவூரில் தோல் டாக்டர் கமருன்னிஸாவிடம் போனார். அந்தம்மா லென்ஸ் வைத்துத் தலை முழுக்கப் பார்த்தார்.

"பின்னந்தலையிலேருந்துதான் எடுத்து முன்னாடி நடணும். உங்களுக்கு அங்கயே கம்மி. எடுத்தா ரெண்டு பக்கமும் போயிரும். மாத்திரை, தடவுற மருந்து எழுதித் தர்றேன், ஒரு வருசம் பொறுத்துப் பாருங்க."

"வேற ஒருத்தர் முடிய வெக்க முடியாதாம்மா?"

"உடம்பு ஏத்துக்காது, தள்ளிரும். யாராவது முடியும்னு சொன்னா, கத்திய யார் பிடிப்பாங்க, எங்க படிச்சாங்கன்னு முதல்ல கேளுங்க. கேக்க வெக்கப்படாதீங்க."

மாத்திரையை நாலு மாதம் போட்டார். பொறுக்கவில்லை. மயிலாடுதுறையில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இராஜாங்கம் என்பவர் நடுகிறார் என்று கேள்விப்பட்டுப் படியேறினார். சுவரில் பட்டம் எதுவும் தொங்கவில்லை.

"கூடப்பொறந்தவங்க முடின்னா பிடிக்கும் சார், ஒரே ரத்தம்தானே. வேரோட, ஈரம் காயறதுக்குள்ள கொண்டாந்துருங்க," என்றார் இராஜாங்கம், காது குடைந்துகொண்டே.

டாக்டரம்மா கேட்கச் சொன்னதை துரைராசு கேட்கவில்லை.

அடுத்த குறுவையில் வைரக்கண்ணுவை வரப்பில் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வழக்கு நடந்தாலும் அண்ணன் அண்ணன்தானே; குளிப்பாட்டும்போது எண்ணெயும் அரப்பும் வைக்கக் கூப்பிட்டார்கள். தம்பி பெண்டாட்டி பொன்னுத்தாய் கதறிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் கிடந்தவன் தலைமாட்டில் துரைராசு நின்றார். நனைந்த முடி பெஞ்சை விட்டு வழிந்து தொங்கியது. செத்தும் அது அவனிடமே இருக்கிறதே என்று நினைத்தார். வயிறு எரிந்தது. புறங்கையால் தொட்டு வைக்க வேண்டிய அரப்பை உள்ளங்கையில் எடுத்து, பின்னந்தலையில் தேய்ப்பவர் மாதிரி விரலை உள்ளே விட்டு, அடியோடு பற்றி, இழுத்தார்.

கொத்தாக வந்தது. பிணத்தின் தலை பெஞ்சில் லேசாகத் திரும்பி இவரைப் பார்த்தாற்போல் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பினவர் தலைகூட முழுகாமல் மயிலாடுதுறைக்குக் கார் பிடித்தார்.

நட்ட முடி முதல் மாதம் உதிரும், பிறகுதான் முளைக்கும் என்று இராஜாங்கம் சொல்லியிருந்தார். உதிரவில்லை. ஒரு கொத்துதான் நட்டது. உச்சி முழுக்கப் பரவியது. சங்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"செயலாளருக்கு மாப்பிள்ளைக் களை வந்துருச்சுய்யா! ரெண்டாங் கல்யாணமா?" என்றான் டீக்கடை சேக் தாவூது.

துரைராசு சீப்பைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். சன்னதி வாசலில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வருசத்து எரிச்சலும் தணிந்தது, ஒரு சாயங்காலம் வரைக்கும்.

அன்று மங்களாம்பிகை அவர் பின்னால் வந்து நின்று, கேட்காமலே தலையில் கை வைத்தாள். விரலை முடிக்குள் விட்டு மெல்ல அளைந்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்படித் தொட்டதில்லை. எதிர்ப்பக்கத்துப் பீரோக் கண்ணாடியில் அவள் முகத்தை துரைராசு பார்த்தார். அவள் கண் அவர் முகத்தில் இல்லை. முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுதூரத்தில் நிற்கிற யாரையோ பார்ப்பது மாதிரி. அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் தலைமேலேயே பொறாமைப்பட்டார்.

சட்டென்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க... தலைக்குள்ள என்னமோ நடந்துச்சுங்க."

"என்னடி உளர்ற?"

"மேல இல்லீங்க. முடிக்கு உள்ள. யாரோ நடக்கிற மாதிரி."

விரலைச் சேலையில் துடைத்தாள். சேலையில் சேறு ஒட்டியது.

அதன் பிறகுதான் அவருக்குச் சத்தம் கேட்கத் தொடங்கியது. படுத்துக் கண்ணை மூடினால், மண்டைத் தோலுக்கு மேலே, முடிக்குக் கீழே, சேற்றில் கால் வைத்து எடுக்கிற சளப், சளப். நிற்கும். எதையோ பறிக்கும். மறுபடி சளப். காலையில் தலையணை ஓரத்தில் முறுக்கின பிடிகள். முதலில் காதோரம். பிறகு பிடரி. மீசை போன அன்று சங்கத்துக்கு லீவு சொன்னார். தம்பியின் முடி ஒன்றுகூடப் போகவில்லை. பறிபட்டதெல்லாம் துரைராசின் சொந்த முடி. அந்தத் தலையில் இப்போது அதுதான் களை.

துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடினார். கமருன்னிஸா லென்ஸைத் தலைமேல் வைத்தார்.

"இத நட்டது யாரு?"

துரைராசு முகத்துத் துண்டை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வரிசை தப்பாம நிக்கிது. நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை மாதிரி..." அந்தம்மா லென்ஸை நகர்த்தினார். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். "இப்பதான் இங்க இருந்துச்சு. இப்ப நெத்திப் பக்கம் இருக்கு." லென்ஸை மேசையில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினார். கழுவிக்கொண்டே இருந்தார். திரும்பவேயில்லை.

மறுநாள் புருவம் போயிற்று.

மங்களாம்பிகை பொன்னுத்தாய் வீட்டுக்குப் போயிருந்தாள், வைரக்கண்ணு படத்தடியில் வைத்த விபூதியை வாங்கிவர. உச்சி வெயில். தெருவில் ஆள் அரவம் இல்லை, கரண்டும் இல்லை, நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே புழுக்கம் மட்டும் கனத்துக் கிடந்தது. துரைராசு சவரக்கத்தியோடு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றார். வழித்து எறிந்துவிடலாம். மொட்டையாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

கண்ணாடியில் பார்த்தார். புருவம் இல்லை. மீசை இல்லை. வெளிறின உருண்டை முகம். அதன்மேல் கதிர் வாங்கப் போகிற பயிர் மாதிரி அத்தனை முடி. காற்றே இல்லாத அறையில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

கத்தியை வைத்தார்.

முதல் இழுப்பில் முடி அறுந்தது. அறுந்த இடத்தில் தண்ணீர் ஊறியது. கலங்கல் தண்ணீர். நெற்றியில் வழிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுந்தது மறுபடி தழைத்தது.

கத்தி கீழே விழுந்தது.

பின்னந்தலையில் முடி விலகியது. நின்ற பயிருக்குள் ஆள் நடந்தால் விலகுமே, அப்படி. பின்னால் மூடிக்கொண்டது. முன்னால் விலகியது. உச்சிக்கு வந்தது. நின்றது. குனிந்தது.

சளப்.

கண்ணாடியில் பார்த்தபடியே துரைராசு கும்பிட்டார். வாழ்நாளில் வராத வார்த்தை வந்தது.

"தம்பி... குடுத்துருடா. கேக்கிறேன்டா. வைரக்கண்ணு, உன் கையால குடுத்துருடா."

விலகல் நெற்றி ஓரத்துக்கு வந்து நின்றது. அங்கிருந்து குரல் வந்தது. காதுக்கு வெளியே இல்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே அண்ணே."

கோபமே இல்லாத குரல். வேலைக்கு நடுவில் பேசுகிறவன் குரல்.

இமை மயிர் ஒவ்வொன்றாகப் போயிற்று. வலிக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பில் ஒரு பிடி. பக்கத்தில் இன்னொரு பிடி. வேர் கிழக்கே.

முகத்தில் கறுப்பாக எதுவும் மிச்சமில்லை.

கண்மணிகளைத் தவிர.

முடி அசையாமல் நின்றது. யாரோ இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, வயலை ஒரு சுற்றுப் பார்ப்பது போல. துரைராசு கண்ணை மூடப் பார்த்தார். இமை மூடவில்லை. வலது கண்ணுக்குப் பின்னால், ஆழத்தில், ஈரமான விரல்கள் வேரைத் தேடிப் பிடித்தன.

மெதுவாக முறுக்கத் தொடங்கின.