சுண்ணாம்புக்குள் போன பூக்கள்

அந்தச் சுவரில் எத்தனை பூக்கள் இருந்தன என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பதினேழு என்று நினைக்கிறேன். இருபதாகவும் இருக்கலாம்.

ஹட்டன் நகரத்தில், நூறு வயதைத் தாண்டிய மாடி வீடு அது. அரசாங்கம் பாதுகாக்கும் வீடு. அதற்குக் காவல் பார்க்கும் வாச்சர் பழனியாண்டி. டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வந்து, மனைவி பிள்ளைகளுடன் பின்னறையில் குடியிருந்தார். "இங்க ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது" என்று பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார்.

தீபாவளி நெருங்கியது. லயமாக இருந்தால் இந்நேரம் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். பத்து வயது லோஜினிக்கு முன்கூடத்துச் சுவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதில் வரைந்திருந்த கொடியும் பூவும் மங்கிப்போய், ஈரக்கறை மாதிரித் தெரிந்தன. பின்னறைக்கென்று அம்மா சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில், லோஜினியும் தம்பி மதுரனும் அதை எடுத்துச் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டார்கள்.

திரும்பி வந்த பழனியாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஆணிதானேப்பா அடிக்கக் கூடாதுன்னீங்க?" என்றான் மதுரன். அவன் மூக்கெல்லாம் சுண்ணாம்பு.

அப்பா சிரிக்கவில்லை. "அந்தப் பூவுக்காகத்தான் இந்த வீட்டையே காக்குறாங்க. நாளைக்கு அதிகாரி பார்க்க வருவாங்க. என் வேலை போயிரும்."

மதுரன் வாளியோடு வந்தான். "அக்கா, தேய்ச்சுக் கழுவிட்டா தெரியாதுல்ல?"

லோஜினி ஓர் ஓரத்தில் மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். சுண்ணாம்போடு ஒரு நீல இதழும் துணிக்கு வந்துவிட்டது.

"வாளிய வைடா. இனி யாரும் தொடக் கூடாது."

மறுநாள் அதிகாரி ஏஞ்சலா வந்தார். வெள்ளைச் சுவரின் முன்னால் அசையாமல் நின்றார்.

"நான்தான் அடிச்சேன் மிஸ்" என்றார் பழனியாண்டி.

"இல்லைங்க மிஸ், அப்பா பொய் சொல்றாங்க!" லோஜினி முன்னே வந்தாள். "அடிச்சது நான். துடைச்சதும் நான்." துணியை நீட்டினாள்.

ஏஞ்சலா அந்த நீலத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்புறம் ஏன் முழுசாக் கழுவல?"

"ஒரு இதழ் போயிருச்சு மிஸ். மிச்சமும் போயிரும்னு பயந்துட்டேன்."

"கழுவியிருந்தா ஒண்ணுமே மிஞ்சியிருக்காது." ஏஞ்சலா துணியைப் பத்திரமாக மடித்தார். "அப்பா வேலைக்கு நான் பேசுறேன். பூவுக்குத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல."

கொழும்பிலிருந்து வந்த சுவரோவிய வல்லுநர்கள் சின்னக் கத்திகளால் நான்கு மாதம் சுரண்டி, மூன்று பூக்களை மீட்டார்கள். மற்றவை சுண்ணாம்புக்குள்ளேயே இருக்கின்றன. பழனியாண்டிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. ஏஞ்சலா நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போனார். லோஜினி இப்போது தரம் எட்டில் படிக்கிறாள், மதுரன் தரம் ஐந்தில். தீபாவளிக்கு அவர்கள் பின்னறைக்கு மட்டும் வெள்ளையடிக்கிறார்கள், அதுவும் கேட்டுவிட்டு.