கால்மாட்டுக் கோடாலி

எஸ்டேட் ஆபீஸுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரிலிருந்து, பச்சை மரம் வெட்டிய வாசனை வந்தது. ரைட்டர் குழந்தைவேல் சன்னலைச் சாத்திப் பார்த்தான். வாசனை கூடியதே தவிரக் குறையவில்லை. வெளியே பொழுது சாயுமுன்பே தலைச்சோலை மலையைப் பனி மூடி, காப்பிச் செடிகளுக்கு மேல் நின்ற சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி மகன் அதில் போட்டுவிட்டுப் போன விளையாட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒரு தீவு, நிறைய மரம். நீலப்பிடிக் கோடாலியால் வெட்டி வெட்டிக் கோட்டை கட்ட வேண்டும். வேலை முடிந்து அதில் உட்கார்ந்தால் குழந்தைவேலுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மரம் சாயும்போதும் நெஞ்சு உறுத்தியது. அவன் சனம் கேட்காமல் மரம் வெட்டாது. முந்தின சாயங்காலமே மரத்தடியில் கோடாலியைச் சாத்தி வைப்பார்கள். விடியும்போது விழுந்து கிடந்தால் மரத்துக்குச் சம்மதமில்லை. நின்றால் வெட்டலாம். தீவில் எந்த மரத்தை அப்படிக் கேட்டான்?

அந்த உறுத்தலில்தான் கடைசி மரத்திடம், "உன்னயத் தொடமாட்டஞ் சாமி" என்று வாக்குக் கொடுத்திருந்தான். இன்று கோட்டை முடிய ஒரே ஒரு மரம் குறைந்தது. ஆசை வெட்கம் அறியாது. பொத்தானை அழுத்திவிட்டான். முன்பு வெட்டிய மரங்களெல்லாம் சடசடவென்று சாய்ந்திருந்தன. இது சத்தமே இல்லாமல் சாய்ந்தது. வாசனை அப்போதுதான் எழுந்தது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து மனைவி அத்தாயியிடம் சொன்னான்.

"ஏனுங்க, கம்ப்யூட்டரு மரத்துக்கு ஏது உசுரு? ஊட்டுக்கு வந்தும் அதே நெனப்பா?" என்று சிரித்தாள்.

மகள் பாப்பாத்தி பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள். அவனும் படுத்தான். வாசனையும் கூடவே படுத்தது.

விடியலில் காலில் ஏதோ சில்லென்றது. கண் விழித்தான்.

கோடாலி. நீலப்பிடி. அவன் உள்ளங்காலில் சாய்ந்து நின்றது.

"அத்தாயி... இத ஆரு வெச்சது?"

அவள் மகளை மடியில் இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"முழிச்சுப் பாத்தனுங்க. பாப்பாத்தி கால்மாட்டுல நின்னுச்சு. நாந்தான் எடுத்து உங்க கால்ல மாத்தி வெச்சேன்."

மகளுக்காகத் தன் காலை அவனே நீட்டியிருப்பான். அது அவளுக்கும் தெரியும். இருந்தும்.

"என்னய ஒரு வார்த்த கேக்கலியே, அத்தாயி."

வாசனை இப்போது அவன் முழங்காலிலிருந்து வந்தது.

பாதத்தை உதறினான். கோடாலி விழவில்லை. மறுபடி உதறினான்.

நின்றது.