நிமிர்ந்த இறக்கை

சுண்டுவின் ரிமோட் கார் அதே வளைவில் மறுபடியும் குப்புற விழுந்தது.

"அந்த வளைவுக்கும் உன் காருக்கும் ஏழாம் பொருத்தம்" என்றான் எதிர்வீட்டுப் பால்மீசை. பால் குடித்ததும் வாயைத் துடைக்காததால் வந்த பெயர் அது.

சாயங்காலம் இருவருக்கும் இறுதிப் போட்டி. தெருவில் இதுவரை பால்மீசையை யாரும் ஜெயித்ததில்லை. ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்பது சுண்டுவின் ஆசை.

அண்ணன்தான் அவளுடைய மெக்கானிக். காரின் பின்னால் இருந்த இறக்கையை அவன் இன்னும் நிமிர்த்தினான். பறவையை இறக்கை மேலே தூக்கும். பந்தயக் காரைக் கீழே அழுத்தும். நிமிர்த்த நிமிர்த்த அழுத்தம் கூடும், சக்கரம் தரையை விடாது என்பது அவன் கணக்கு.

கார் மறுபடி உருண்டது. காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு அண்ணன் சாப்பிடப் போனான்.

சுண்டு போகவில்லை. மேசை விசிறியைத் தரையில் வைத்து, அதன் முன்னால் காரை நிறுத்தினாள். காற்று கண்ணுக்குத் தெரியாதே? அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கி, இறக்கையின் அடிப்பக்கம் ஒட்டினாள். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள்.

நூல்கள் பேயாட்டம் ஆடின.

இறக்கையைக் கொஞ்சம் சாய்த்தாள். ஆட்டம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம். சட்டென்று எல்லா நூல்களும் சீவிய தலைமுடி போலப் படிந்தன.

அசையாமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அம்மா ஒரு தலையணை வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணன் வந்ததும் சுண்டு சொன்னாள்: "காத்து இறக்கைக்கு அடியில ஒட்டிக்கிட்டுப் போனாதான் காரு தரையில அழுந்தும். ரொம்ப நிமிர்த்தினா காத்து பிச்சுக்கிட்டுப் போயிடுது. அழுத்தமும் போகுது, பின்னால சுழல்ற காத்து வண்டியையும் பிடிச்சு இழுக்குது."

"தோத்தா நான் பொறுப்பில்ல."

"ஜெயிச்சா?"

"நான்தானே மெக்கானிக்."

பந்தயம் தொடங்கியது. சாய்ந்த இறக்கையைப் பார்த்து, வண்டிக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டான் பால்மீசை. நேர்பாதையில் இரண்டு கார்களும் ஒட்டி ஓடின. வளைவு வந்ததும் பால்மீசை வேகத்தைக் குறைத்தான்.

சுண்டு குறைக்கவில்லை.

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. கார் சுவரில் ஓடும் பல்லி போலத் தரையைக் கவ்வி, வளைந்து, முந்தி, கோட்டைத் தாண்டியது. அப்போதும் அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. தெருவே கூச்சலிட்டுக்கொண்டு அந்தக் காரின் பின்னால் ஓடியது.

எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் பால்மீசைதான்.