கடைசியாக ஏறியவர்கள்

எல்லோரும் ஏறி முடித்த பிறகு ஏணி மறுபடியும் முனகியது.

அவள் படகின் பின்பக்கத்து இருக்கையில், ஏணி மாட்டியிருந்த இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில், தலையைத் துவட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவள் காதுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. தண்ணீரிலிருந்து ஒருவர் கீழ்ப்படியில் கால் வைத்ததும் இரும்புக் கொக்கிகள் இரண்டும் விளிம்பில் அழுந்தி முனகும். ஏணியின் அடி, படகின் வயிற்றில் டொக்கென்று இடிக்கும். அடுத்த படி, அடுத்த முனகல். கடைசியில் உடம்பிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் ஒன்றாக மேலே வரும். இப்போதும் எல்லாம் அதே வரிசையில் வந்தன. மூச்சு மட்டும் வரவில்லை. படகின் பின்புறம் லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. மரத்தளத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, அவள் காலைத் தாண்டி உள்ளே போயிற்று.

நிமிர்ந்து பார்த்தாள். கணவன் கூடாரத் துணியின் நிழலில் நின்று சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தான். மகள் அத்தையின் மடியில் துண்டுக்குள் சுருண்டிருந்தாள். கூடவே பயணம் வந்திருந்த, கல்யாணமாகி மாதம்கூட ஆகாத ஒரு ஜோடி, காலையிலிருந்தே வேறு யாரும் படகில் இல்லாதது போல ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தது. படகுக்காரர் முன்னால் நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஏற வேண்டியவர்கள் என்று இனி யாருமில்லை. அவர்கள் நீந்திய சின்னத் தீவின் கரை வெறுமையாக, வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, தலையில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லிச் சொல்லியே அவள் பகல்கள் கழிந்தன. ஊர்க் காதையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் காதே சரியில்லாமல் போனது கொஞ்ச நாளாகத்தான். இடது காதில் ஓயாத ரீங்காரம். தூக்கம் போயிற்று, தூக்கம் போனதும் சிடுசிடுப்பு வந்தது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். எலக்ட்ரீஷியனான கணவன், ஓய்வு என்றால் கடல்தான் என்று முடிவு செய்து, முழு நாள் படகுப் பயணத்துக்கு இடம் பிடித்துவிட்டு வந்தான். மூன்று தீவுகள், மூன்று இடங்களில் குளியல், சாயங்காலம் கரை. கூட வருகிறேன் என்று நாத்தனாரும் பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

அதனால், கணவனிடம் ஏணிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது, அவன் என்ன சொல்வான் என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

“அரண்டவ காதுக்கு அசைஞ்சதெல்லாம் பேய்,” என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டான். “அலை இடிச்சிருக்கும். இன்னிக்கு ஒருநாளாவது காதைக் கழட்டி வெச்சுட்டு இரேன்.”

அவளும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள். ஆனால் காதுக்குள் பிறக்கும் சத்தத்துக்கு உள்ளங்காலில் அதிர்வு இருக்காது.

படகு நகர்ந்தது. எஞ்சினின் தடதடப்பும் டீசல் நாற்றமும் உப்புக் காற்றும் சேர்ந்து எல்லோரையும் மந்தமாக்கின. அவித்த முட்டையும் ரொட்டியும் பழமும் கைமாறின. நாத்தனார் தன் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி ஒரு கதை சொன்னாள். கணவன் புரையேறச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது மூக்கில் ஒரு வாடை ஏறியது. கடல் வாடை இல்லை. பல நாள் மாற்றாமல் விட்ட பூச்சாடித் தண்ணீரின் வாடை. எதிர்ப்பக்கத்து நீள இருக்கையிலிருந்து வந்தது. அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. காலையிலிருந்தே காலியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அந்த மெத்தையின் ஒரு முனை மட்டும் கறுத்து நனைந்திருந்தது. நாத்தனார் அதில் ஒரு துண்டை உலர்த்தப் போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள். போட்டதைவிட ஈரமாக இருந்தது. பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும்.

“மேலேருந்து ஒழுகுது போல,” என்றாள் நாத்தனார். மேலே கூடாரத் துணி. அதற்கு மேலே ஒரு மேகம்கூட இல்லாத வானம்.

இரண்டாவது தீவில் அவள் தண்ணீரில் இறங்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு ஏணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. அடியில் மணல் வரிகள்கூடத் தெரிந்தன. மகள் மிதவைச் சட்டையோடு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தாள். அத்தை கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மூக்கைப் பிடித்து முங்கி எழுந்தாள். பயப்பட அங்கே ஒன்றுமில்லை. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். முனகல், டொக், மூச்சு. முனகல், டொக், மூச்சு. கடைசியாகக் கணவன் ஏறி, நாய் போலத் தலையை உதறிவிட்டு முன்னால் போனான்.

அவள் படகுக்காரரைக் கூப்பிட்டு ஏணியைத் தூக்கிவிடச் சொன்னாள்.

ஐம்பது வயதிருக்கும் அந்த மனிதருக்கு. காலையிலிருந்து அளந்து அளந்துதான் பேசினார். ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தூக்கவில்லை.

“கொஞ்சம் இருங்கம்மா.”

“எல்லாரும் ஏறியாச்சு அண்ணே.”

அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஏணியையும் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டே, யாருக்கோ வழிவிடுவது போல ஓரமாக ஒதுங்கினார்.

கொக்கிகள் முனகின.

ஏணி இடித்தது. மேல்படி ஈரமானது, அந்த ஈரத்தில் வெயில் மின்னியது. தளத்தில் ஒரு பாதத்தின் முன்பகுதி பதிந்தது. அகலமான விரல்கள். பிறகு குதிகால். அந்தத் தடம் மறையும் முன்பே அடுத்த முனகல் கேட்டது. இது லேசானது. சின்னக் கால்கள். அதன் பிறகு இன்னொன்று, மிகக் கனமானது, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது.

படகுக்காரர் காத்திருந்தார். தண்ணீர் அசைவற்றுப் போன பிறகுதான் ஏணியைத் தூக்கினார்.

“நடுவுல தூக்கினா கோவம் வந்துரும்,” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “ஒருதடவை தூக்கிட்டேன். அப்ப என் தம்பிதான் எஞ்சின் பாத்துக்கிட்டிருந்தான்.”

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. எல்லா நாளும் வருவதில்லை, வந்தாலும் கரை சேர்ந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள், யாரையும் தொட்டதில்லை என்றார். உட்கார இடம் மட்டும் விட வேண்டும். மற்றவர்களுக்குச் சொன்னால் ஆளாளுக்கு எழுந்து ஓடுவார்கள், படகு கவிழ்ந்துவிடும், அதனால் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

“இன்னொண்ணு. பேச்சு மட்டும் குடுத்துராதீங்க. அவங்க கேட்டாலும் பதில் சொல்லாதீங்க.”

மூன்றாவது தீவு வேண்டாம் என்று அவள் கெஞ்சியபோது, அவர் கூடாரத்தின் நிழலுக்குள் ஒருமுறை பார்த்தார்.

“நானும் அதைத்தான் நெனச்சேன். இனிமே ஏத்தினா படகு தாங்காது.”

எஞ்சினில் கோளாறு, மூன்றாவது தீவுக்குப் போக முடியாது என்று அவர் அறிவித்ததும் புதுமாப்பிள்ளை முணுமுணுத்தான். கணவன் எஞ்சினைப் பார்க்கிறேன் என்று எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் கை சில்லிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் மறுபேச்சில்லாமல் பக்கத்தில் அமர்ந்து அதைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துவிட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவன் நம்பினாலும் ஆபத்து. நம்பாவிட்டாலும் ஆபத்து.

காலையில் துள்ளிக்கொண்டு போன படகு இப்போது நிறைமாதக்காரி போல அசைந்தது. தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. பூச்சாடி வாடை கூடாரம் முழுவதும் நிறைந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் முன்பக்கமாக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் பேச்சை நிறுத்தியிருந்தாள். புதுப்பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு, குளிர்கிறது என்றாள்.

மகள் எங்கே?

பின்னால் இருந்தாள். அந்த நீள இருக்கையில். ஒரு ஓரமாக, ஒழுங்காக, பள்ளி வேனில் மற்றவர்களுக்கு இடம் விட்டு உட்காருவது போல. உலர்ந்த கூந்தல் காற்றில் பறந்தது. வெற்றிடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து போனாள். ஓடக் கூடாது. ஓடாமல் போனாள்.

“வாலு, இங்க வா. அப்பா கூப்பிடுறாங்க.”

“இரும்மா.” மகள் திரும்பினாள். முகத்தில் பயமே இல்லை. “இந்த அக்காவுக்குக் காதுல தண்ணி போயிருச்சாம். ரொம்ப நாளாச்சாம். எங்க அம்மா காது பாக்குறவங்கதான்னு சொன்னேன். பாக்குறியா?”

மெத்தையிலிருந்து தண்ணீர் கோடாக வழிந்தது. அந்த இடம் அவள் பக்கமாகத் திரும்பியது. அது எப்படித் தெரிந்தது என்று அவளால் சொல்ல முடியாது. திரும்பியது.

ஒருநாளைக்கு இருபது முப்பது பேரிடம் சொல்லிப் பழகிய வாய். குழந்தையை எப்படியாவது அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்ற ஒரே தவிப்பு. யோசிக்கும் முன்பே வார்த்தை வெளியே வந்துவிட்டது.

“இங்க கருவி எதுவும் இல்லம்மா. நான் வேலை பாக்குற இடத்துக்கு வந்தா பாக்கலாம்.”

ரீங்காரம் நின்றது. எத்தனையோ நாளாக ஓயாமல் கேட்ட இடது காதுக்குள் சட்டென்று ஒரு முழு அமைதி. ஆழத்தில் முங்கியது போல.

மகள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“சரியாம்.”

கரை வந்தபோது வானம் செம்பு நிறத்தில் இருந்தது. படகுக்காரர் முதலில் பலகையைப் போட்டார். எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள், கயிறு கட்டட்டும் என்றார். கயிறு ஏற்கெனவே கட்டியாயிற்று. பலகை தானாக வளைந்து நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. கடைசியில் மிகக் கனமாக ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் படகு கொஞ்சம் உயர்ந்தது. கல் படிகளில் ஈரத் தடங்கள் ஏறி, மேலே போய், மணலில் காணாமல் போயின.

படகுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு படகின் விளிம்பைப் பார்த்தார். தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். படகு இன்னும் ஒரு ஆள் கனத்துக்குத் தாழ்ந்தே இருந்தது. மெதுவாக அவளைப் பார்த்தார்.

“பேசினீங்களா?”

அவள் மகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் ஓடினாள். கணவன் பைகளோடு பின்னால் வந்தான். ஏன் இந்த அவசரம் என்றான். நாத்தனார் செருப்பைத் தேடினாள். கார். கார் கதவு. பின் இருக்கையில் குழந்தையைத் திணித்து, தானும் ஏறி, இந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். கணவன் வண்டியைக் கிளப்பினான். நாத்தனார் முன்னால். எல்லோரும் ஏறியாயிற்று. போய்விடலாம். போய்விடலாம்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்து மூடியது.

“சரியா சாத்தலையா?” என்றான் கணவன், சாலையைப் பார்த்தபடி.

மகளுக்கு அப்பால் இருக்கை அழுந்தியது. மெல்ல, ஆழமாக, ஒரு ஆள் அளவுக்கு. பூச்சாடித் தண்ணீரின் வாடை. அவள் மகளின் கையைப் பற்றித் தன் பக்கம் இழுத்தாள். குழந்தை வர மறுத்தது. நல்ல பிள்ளையாக அந்தக் குழிக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டது.

மகளின் விரிந்து கிடந்த கூந்தல் காற்றில்லாமல் உயர்ந்தது. நடுவில் பிரிந்தது. மூன்றாக வகுபட்டது. ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று. நிதானமாக, இறுக்கமாக, ஒரு முடிகூடப் பிசகாமல். உலர்ந்த முடி பின்னப் பின்ன நனைந்துகொண்டே வந்தது. பின்னலின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகளின் தலை ஒவ்வொரு இழுப்புக்கும் லேசாகப் பின்னால் போய் வந்தது. குழந்தை கண்ணை மூடியபடியே புன்னகைத்தது.