தேதிக்கு இடம் விட்ட கல்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் தாட்சாயிணி கண்ணைத் திறக்காமலேயே எடுத்தாள். தேர்த் திருவிழா பந்தோபஸ்து முடிந்து ஸ்டேஷன் நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்கியிருந்தாள். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க..."

"மேடம்! நூம்பல் ஏரிக்கரைத் தெரு லைப்ரரியன் பேசறேன். ரூபஸ். இங்க... இங்க ஒருத்தர் செத்துக் கிடக்கறாரு மேடம்!"

"புக் எடுக்க வந்தவரா?"

"இல்ல மேடம்... ரூம் கட்டிக் குடுத்தவரு!"

தாட்சாயிணி கண்ணைத் திறந்தாள். எதிரே ஏட்டு கன்னியப்பன், டீ கிளாஸை வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றார்.

"குடிச்சிட்டே வாங்க ஏட்டு. செத்தவரு எங்கயும் போகப் போறதில்ல."

நூலக வாசலில் பந்தல். இரண்டு வாழைமரம். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெரிய ஃப்ளெக்ஸ் பேனரில் ஒரு மனிதர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

'புரவலர் துலுக்கானம் அவர்கள் கட்டிக்கொடுத்த புதிய வாசிப்பறை திறப்பு விழா. இன்று காலை பதினொரு மணி.'

உள்ளே அதே மனிதர் கிடந்தார்.

கும்பிடவில்லை. சிரிக்கவும் இல்லை.

குப்புற விழுந்திருந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் வாடகைக்கு எடுத்த குத்துவிளக்கு, தண்டு வளைந்து உருண்டு கிடந்தது. அதன் பாதத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"லைட்டைப் போடுங்க ஏட்டு. ஒண்ணும் தெரியல."

"போட்டுத்தான் கீது மேடம்!"

தாட்சாயிணி அண்ணாந்து பார்த்தாள். நான்கு டியூப் லைட். நான்கும் எரிந்தன. அறை மட்டும் இருட்டாகவே இருந்தது!

ஒவ்வொரு டியூப்பிலும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்புப் பெயிண்ட். 'உபயம்: துலுக்கானம்.' ஃபேன் இறக்கைகளிலும் அதே எழுத்து.

"சுச்சு போட்டா வெளிச்சம் வரல மேடம். துலுக்கானம்தான் வராரு" என்றார் கன்னியப்பன்.

தாட்சாயிணி பிணத்தின் அருகில் நின்றாள். வலது கை நீண்டிருந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் தங்க நிறம்!

"இது என்ன ஏட்டு?"

"மோதரம் கரைஞ்சி பூட்ச்சோ?"

"உங்களுக்கும் தூக்கம் பத்தல."

வேறு நாளாக இருந்தால் குனிந்து பார்த்திருப்பாள். இன்று முட்டி மறுத்தது. விட்டுவிட்டாள்.

ரூபஸ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் பேனா, கழுத்தில் சிலுவை.

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. அவர்கிட்ட ஒண்ணு."

"வேற?"

"இல்ல மேடம்."

"நேத்து சாயங்காலம் அவரோட சண்டை போட்டியாமே. எதிர்ல டீக்கடைக்காரர் சொல்றாரு."

ரூபஸ் தலை குனிந்தான்.

"போட்டேன்."

"என்னன்னு?"

"லைட்டுக்காக மேடம். பரீட்சைக்குப் படிக்கற பசங்க வருவாங்க, எழுத்தே தெரியாது, பெயிண்ட்டைச் சுரண்டிடலாம் ஐயான்னேன். அவர் கேக்கல. எனக்கும் கோவம் வந்து..."

"வந்து?"

"நீங்க இருக்கற வரைக்கும் இந்த ரூமுக்கு விடிவு கிடையாதுன்னு கத்திட்டேன்."

கன்னியப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னாபா நீ! கொலை பண்றவன்கூட இவ்ளோ தெளிவா சொல்ல மாட்டான்!"

"கர்த்தர் சத்தியமா நான் இல்ல மேடம்! கத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவர் சாவு எனக்கு எதுக்கு? மெயின்ரோட்டுல அவருக்கு ஒரு பெரிய மனை இருக்கு. அதை லைப்ரரிக்குத் தானமா எழுதித் தரேன்னு இன்னிக்கு மேடையில சொல்றதா இருந்தாரு. புதுக் கட்டடம், கம்ப்யூட்டர் ரூம்... எல்லாம் இப்போ போச்சு! எனக்குத்தான் நஷ்டம்!"

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவங்க வீட்டுல தெரியும்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு அம்மாள் அலறிக்கொண்டே இறங்கினாள்.

"ஐயோ... என் ராசா! ஊருக்கு நல்லது செய்யப் போயி இப்பிடிக் கெடக்குறியே!"

துலுக்கானத்தின் மனைவி அனுசுயா. அகலமான தோள்கள். சித்தாள் வேலை பார்த்துக் கல்லும் மண்ணும் சுமந்த உடம்பு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முன்பு வாங்கிப் போட்ட நிலம், ரோடு அகலமானதும் விலை ஏறி அவர்களைப் பெரிய மனிதர்களாக்கியிருந்தது. பிள்ளை இல்லை.

பின்னால் வந்தவன் கிஷோர். துலுக்கானத்தின் தம்பி மகன். விழா வேலை எல்லாம் அவன் தலையில்.

"ராத்திரி அவர் வீட்டுக்கு வரலியே, தேடலியாம்மா?" என்றாள் தாட்சாயிணி.

"விழா சாமான்லாம் கீது, அங்கியே படுத்துக்கிறேன்னாருமா. நான் இன்னாத்தக் கண்டேன்!" அனுசுயாவின் கை சட்டென்று ரூபஸ் பக்கம் நீண்டது. "இவன்தான்! நேத்து நாக்குல நரம்பில்லாம பேசினான்! தூக்குல போடுங்க!"

"பெரியம்மா, கொஞ்சம் இரு" என்றான் கிஷோர்.

"நீ சும்மா கெடடா! மேடம், ஒண்ணே ஒண்ணு. விழாவ நிறுத்திடாதீங்க. கவுன்சிலரு வராரு. அந்தக் கல்லைத் தெறக்கணும். அது அவரோட கடைசி ஆசை!"

புதுசாகப் புருஷனை இழந்தவள் கல்லைப் பற்றிப் பேசினாள். தாட்சாயிணிக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. சாவு வீட்டில் சாம்பார் சாதத்துக்குச் சண்டை போடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"ஏட்டு... ரூபஸை ஜீப்ல ஏத்துங்க."

"மேடம்! நான் இல்ல மேடம்! என்னை ஏத்திட்டா அப்புறம் வேலையும் போயிரும் மேடம்!"

"எல்லாரும் ஜீப் ஏறும்போது இதான் சொல்றாங்க."

சொல்லிவிட்டு அவள் வாசிப்பறை வாசலை ஒட்டிய வெளிச்சுவரில் சாய்ந்தாள். நிற்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் மெத்தென்று துணி. திரும்பினாள்.

சுவரில் ஒரு சிவப்புத் திரை. திறப்பு விழாக் கல்லை மூடியிருந்தது. கீழ்ப்பாதியை மறைத்து நாற்காலி அடுக்கு.

திரையின் ஓரத்தில்...

ஒரு விரல் ரேகை! தங்க நிறத்தில்!

தாட்சாயிணியின் தூக்கம் கலைந்தது.

"ரூபஸ்! இந்தக் கல்லை எப்ப பதிச்சாங்க?"

ஜீப் படியில் ஒரு காலோடு ரூபஸ் கத்தினான்.

"நேத்து மத்தியானம் மேடம்! பதிச்ச உடனே திரை போட்டுட்டாங்க. விழா வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாதுன்னாங்க!"

"மேடம், அதைத் தொடாதீங்க!" என்றாள் அனுசுயா. "கவுன்சிலருதான் தெறக்கணும்!"

தாட்சாயிணி கயிற்றை இழுத்தாள்.

கறுப்பு கிரானைட். தங்க எழுத்து. பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. முதல் வரியில் விரல் பட்டு இழுத்த தடம்!

'அமரர் துலுக்கானம் அவர்கள் நினைவாக...'

அடுத்த வரியில் 'தோற்றம்' என்று பிறந்த தேதி. அதற்குப் பக்கத்தில் 'மறைவு' என்று ஒரு சொல். அதற்கு எதிரே...

ஒன்றும் இல்லை. வழவழவென்று வெறும் கல்!

"யப்பா!" என்றார் கன்னியப்பன். "சாயங்காலம் டீக்கடையில டீ குட்ச்ச மனுசன் மேடம் அவரு! மத்தியானமே இங்க செத்துட்டு கீறாரு!"

தாட்சாயிணிக்குக் காட்சி ஓடியது. துலுக்கானம் தனியாக வருகிறார். விழா வரை பொறுக்க முடியாமல் திரையை விலக்குகிறார். தன் பெயரைப் பார்க்கிறார். முன்னால் இருக்கும் சொல்லையும் பார்க்கிறார். நம்ப முடியாமல் விரலால் தடவுகிறார். பின்னால் குத்துவிளக்கு உயர்கிறது...

அவள் கை கிஷோரின் சட்டைக் காலரைப் பிடித்தது.

"விழா வேலை எல்லாம் நீதானே பார்த்த? பிள்ளை இல்லாத பெரியப்பா. மனை லைப்ரரிக்குப் போயிட்டா உனக்கு என்ன மிஞ்சும்?"

"ஐயோ, நான் இல்ல மேடம்! சேர், மைக், பந்தல், ஃப்ளெக்ஸ்... அதான் நான்! ஃப்ளெக்ஸைப் பாருங்க! புரவலர்னுதான் போட்டிருக்கேன்! கல்லு வேலை நான் பார்க்கல!"

"அப்ப யாரு பார்த்தது?"

கிஷோர் அனுசுயாவைப் பார்த்தான்.

"என்னாத்துக்குடா என்னைப் பாக்குற?" அனுசுயா சீறினாள். "மேடம், துட்டு குடுத்ததே இவன்தான்! இஸ்துகினு போங்க!"

அப்போது ஒரு பழைய ஸ்கூட்டர் பந்தலுக்குள் மூக்கை நீட்டியது. பின்னால் சாக்குப் பையில் உளியும் சுத்தியும் கிலுகிலுத்தன. ஓட்டி வந்தவர் கூட்டத்தையும் போலீஸையும் பார்த்துவிட்டு இறங்கினார். முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

"பூந்தமல்லி கல்லுப் பட்டறை ராயப்பங்க. பாவம்... முடிஞ்சிருச்சாம்மா? நெனச்சேன்."

அனுசுயா அவரைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

"என்ன முடிஞ்சிருச்சா?" என்றாள் தாட்சாயிணி.

"அதாங்க, அம்மாவோட ஊட்டுக்காரரு. ஆஸ்பத்திரில இஸ்துகினு கீறாரு, டாக்டரு கைய விரிச்சிட்டாருன்னு சொன்னாங்க. அதான் அமரர்னு வெட்டினேன். தேதிக்கு மட்டும் இடம் உட்டு வெய்யி, காலைல உளியோட வந்துரு, சொல்றேன்னாங்க." அவர் அனுசுயா பக்கம் திரும்பினார். "நேத்து தேதி போடறதா, இன்னிக்குதாம்மா?"

ராயப்பனின் பார்வை ஃப்ளெக்ஸ் மீது போனது. பிறகு வாசிப்பறைக்குள் போனது.

"ஏம்மா..." என்றார் மெதுவாக. "நேத்து கல்லு பதிக்கும்போது இந்த பேனரு இல்லியே. ஆஸ்பத்திரின்னு சொன்னியே?"

அனுசுயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை நின்றிருந்தது. முகத்தில் களைப்பு மட்டும் இருந்தது. தாட்சாயிணியின் முகத்தில் இருந்த அதே களைப்பு.

"அந்த மனை என் முதுகும்மா. நான் மண்ணு சொமந்து வாங்கினது. அவரு பேருக்கு எழுதினோம். அவரு ஊருக்கு எழுதறேன்றாரு. கேட்டா, பேரு நிக்கணும்டீன்றாரு. மேடையில சொல்லிட்டா அப்பறம் மாத்த முடியுமா? அதுக்கு முன்னாடி முடிக்கணும்."

"அதுக்கு எதுக்கும்மா கல்லு? செத்த அப்புறம் மெதுவா வெட்டியிருக்கலாமே!"

"கவுன்சிலரு இன்னொரு வாட்டி வருவாரா? ஒரு கல்லு வெட்டி, அப்பறம் அமரர்னு இன்னொரு கல்லு வெட்டணுமா? சாவு போஸ்டரு ஒரு மணி நேரத்துல செவுத்துல ஒட்டுறானுங்க. கல்லு எப்ப வந்துச்சின்னு எவன் கேக்கப் போறான்னு நெனச்சேன்." பெருமூச்சு விட்டாள். "அந்த மனுசன் திரையத் தூக்குவாருன்னு நெனைக்கல. திரும்பி என்னைப் பாத்து, இன்னாடீ இதுன்னாரு. திருப்பிச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. முதுகக் காட்டிகினு ரூமுக்குள்ள திரும்பினாரு. வெளக்குதான் கைல இருந்துச்சி."

ரூபஸை இறக்கிவிட்டு அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். திமிறவில்லை. படி ஏறும்போது மட்டும், "நாற்காலிய எண்ணி வாங்கிக்கோடா கிஷோரு, வாடகைக்காரன் ஏமாத்துவான்" என்றாள்.

ஆம்புலன்ஸ் பிணத்தைக் கொண்டுபோனது. மனைக்குக் கேஸ் நடக்கும். வருடக்கணக்கில் நடக்கும். நூலகத்துக்கு மிஞ்சியது ஓர் இருட்டறை.

ரூபஸ் ஸ்டூல் போட்டு ஏறி, பேனாக்கத்தியால் முதல் டியூப் லைட்டைச் சுரண்ட ஆரம்பித்தான். 'துலு' உதிர்ந்தது. அந்த அளவுக்கு வெளிச்சம் வந்தது.

"மேடம், இந்தக் கல்லை என்ன பண்றது? எடுத்துடலாமா?"

தாட்சாயிணி வாசலை நோக்கி நடந்துகொண்டே சொன்னாள்.

"எதுக்கு? நேத்து தப்பா இருந்துச்சு. இன்னிக்கு சரியாத்தானே இருக்கு. தேதியை மட்டும் வெட்டிக்க."

நாற்காலி அடுக்கை நகர்த்திய கன்னியப்பன் கல்லின் கடைசி வரியைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"மேடம்! வாக்குமூலம் வேற தனியா எழுதணுமா? இங்க வந்து படிங்க... 'உபயம்: மனைவி அனுசுயா'ன்னு அவங்களே போட்டுகினு கீறாங்க!"