ஷட்டருக்குள் தொலைந்த பெங்குவின்

காலை 11.10.

நீல வெல்வெட் தட்டில் பன்னிரண்டு குழிகள். பதினொன்றில் நாணயங்கள் இருந்தன. ஒன்று காலி.

"பெங்குவின் எங்க?" என்றார் உமாபதி. கற்பூரத் தட்டு ஏந்திய கை அப்படியே நின்றுவிட்டது.

சித்தூர் பஜார் தெருவில் அவருடைய பழைய நாணயக் கடை இருக்கிறது. பல நாடுகள் விலங்குகளின் உருவம் பொறித்து வெளியிட்ட நினைவு நாணயங்களைப் பதினெட்டு வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்தவர். பனிக்கரடி, கங்காரு, கடலாமை, சிறுத்தை எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் செல்லப்பிள்ளை ஒன்றுதான்: தென்கடல் தீவு ஒன்றின் வெள்ளி நாணயம், கழுத்தோரம் மஞ்சள் வண்ணம் பூசிய பெங்குவின். மறுநாள் திருப்பதிக் கண்காட்சிக்கு முழு வரிசையும் போவதாக ஏற்பாடு.

அன்று ஆயுத பூஜை. தராசு, லென்ஸ், கையுறைப் பெட்டி என்று கடையிலுள்ள அத்தனைக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். நாணயத் தட்டு மட்டும் தனி ஸ்டூலில் இருந்தது. குங்குமம் அதன் பக்கமே வரக்கூடாது என்பது உமாபதியின் கட்டளை. ஒவ்வொரு நாணயமும் வட்டமான பிளாஸ்டிக் டப்பிக்குள் இருந்தாலும் அவருக்கு மனசு கேட்காது.

கடைக்குள் நான்கு பேர். உமாபதி. அவர் தங்கை மகன் யோகேஷ். நான்கு வருஷமாக வேலை பார்க்கும் அம்சவேணி. திருப்பதியிலிருந்து வந்திருந்த நாணயப் பிரியர் வேணு.

உமாபதி கற்பூரத்தைக் கீழே வைத்தார். ஷட்டரை இழுத்து மூடினார்.

"எவரும் வெளிய போகக் கூடாது."

---

பகல் 11.58.

திருப்பதி எக்ஸ்பிரஸ் சித்தூர் பஸ் ஸ்டாண்டை விட்டு நகர்ந்தபோது கண்டக்டர் பத்மாவதியின் போன் அடித்தது. டியூட்டியில் போன் எடுக்க மாட்டாள் அவள். ஆனால் அம்சவேணி என்று பெயர் வந்தால் எடுப்பாள். அக்கா மகள்.

"சின்னம்மா, என்னியப் போயி திருடின்றாரு." அம்சவேணி விசும்பினாள். "தட்ட கடேசியா தொட்டது நான்தானாம். அஞ்சு மணிக்குள்ள பெங்குவின் வரலன்னா டேசன்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறாராம். இப்பவே எழுதிக்கினு கீறாரு."

இரண்டு வாரம் முன்புதான் அம்சவேணிக்குத் தபால் ஆபீஸ் வேலை கிடைத்த கடிதம் வந்தது. பிச்சாட்டூர் பக்கத்து ஊரில் அந்த வீட்டிலிருந்து அரசாங்க வேலைக்குப் போகும் முதல் ஆள். வேலைக்கு முன்னான போலீஸ் விசாரணை இன்னும் பாக்கி. இப்போது திருட்டு வழக்கில் பெயர் ஏறினால் அத்தோடு எல்லாம் முடிந்தது.

"அழாத மே. நீ எடுத்தியா?"

"சின்னம்மா!"

"கேக்கணும், கேட்டுட்டேன். கடையிலயே உக்காரு. ஓடிப் போனா நீதான்னு ஆயிடும். அஞ்சுக்குள்ள வர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது சீட்டில் ஒருவர், பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "செருப்பக் கூட கழட்டச் சொல்லிட்டாரு சார்! இருபது வருஷப் பழக்கம்!"

பத்மாவதியின் அதிர்ஷ்டம் சில சமயம் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவள் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"திருப்பதியா சார்?" டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்தாள். "உமாபதி கடையிலர்ந்தா வர்றீங்க?"

வேணு மிரண்டார். "மீகு எலா தெலுசு மேடம், எப்டித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு எங்க அக்கா மவ. இன்னா நடந்துச்சி, ஆரம்பத்துலர்ந்து சொல்லுங்க."

"பாவம்மா அந்தப் பொண்ணு. நா எதுவும் சொல்லல."

"பெங்குவின் உங்களுக்கும் வோணும்னு கேள்விப்பட்டேன்."

"மூணு வருஷமா கேக்கறேன். தரமாட்டேன்னாரு. அதுக்குன்னு திருடுவனா?"

"கடேசியா எப்ப பாத்தீங்க அத?"

"ஹாரத்திக்கு முன்னாடி. ஸ்டூல் மேல. நல்லா பாத்தேன்."

"ஹாரத்தியப்ப?"

"கண்ண மூடிக் கும்புட்டோம். தொறந்தா இல்ல."

"ஸ்டூலுக்குப் பக்கத்துல யாரு?"

"நாலு பேரும்தான். கடையே அவ்ளோதான மேடம். ஸ்டூலு, பக்கத்துல பூசணிக்காய், அப்புறம் நாங்க."

"ஷட்டர் எறக்கினப்புறம்?"

"சோதன. எல்லாரு பாக்கெட், பையி, டிபன் பாக்ஸ். அந்தப் பொண்ண மட்டும் உள்ரூம்ல, அவரு சம்சாரத்த வரச்சொல்லி. தரையெல்லாம் பெருக்கினாங்க. தரையில இல்ல, யாருகிட்டயும் இல்ல."

"அப்புறம்?"

"நல்ல நேரம் போவுதுன்னு ஷட்டரத் தூக்கினாரு. பூசணிக்காய் ஒடைக்கணுமே. அந்தப் பையன் யோகேஷ் ஒடைச்சான். நல்ல பையன் மேடம். நா கோவத்துல வேகமா எறங்கினேன், வழுக்கி விழப் பாத்தேன். உடனே குனிஞ்சி, புதுச் சட்ட கூடப் பாக்காம, ரெண்டு கையாலயும் எல்லாத்தையும் வாரி ஓரமாப் போட்டான். இந்தக் காலத்துல யாரு செய்வாங்க?"

பத்மாவதி நோட்டம் விட்டாள். வேணுவின் வேட்டி மடிப்பில் ஒரு கறையும் இல்லை. மனிதர் அவமானத்தில் வெந்து போயிருந்தார். கள்ளத்தனமாகப் பயணம் செய்பவர்களைப் பதினைந்து வருஷமாகப் பார்த்தவள் அவள். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இவரோ அவள் முகத்தையே பார்த்துப் பேசினார்.

ஆனால் நாணயம் எங்கே? பூட்டிய கடைக்குள் இல்லை. வெளியே போனவர் கையிலும் இல்லை. சந்திரகிரி வரை இதே கேள்வியோடு போராடினாள். விடை வரவில்லை. பயம்தான் வந்தது.

---

பிற்பகல் 3.25.

திரும்பும் பஸ் பூதலப்பட்டைத் தொட்டபோது டிரைவர் குணா சடாரென்று பிரேக் போட்டார். ரோட்டோர டிராக்டர் பட்டறையில் ஒருவன் கற்பூரம் எரியும் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். தடாலென்று போட்டு உடைத்தான். போட்டவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் விடுவிடுவென்று உள்ளே போய்க் காலைக் கழுவினான். பட்டறைக்கு வெளியே காத்திருந்த இரண்டு ஆட்டோக்காரர்கள் பாய்ந்து வந்து, குங்குமச் சேற்றிலிருந்து சில்லறையைப் பொறுக்கினார்கள்.

"ரைட் சொல்லு பத்மா, இன்னா தூங்கறியா?" என்றார் குணா.

பத்மாவதி தூங்கவில்லை. வாயருகே போன விசில் அங்கேயே நின்றது. பிறகு ஊதினாள், முன்சீட்டுக் குழந்தை அலறுமளவுக்கு.

உடனே அம்சவேணிக்குப் போன் போட்டாள்.

"பூசணிக்காய ஓட்ட போட்டு ரெடி பண்ணது யாரு?"

"நான்தான் சின்னம்மா. காத்தாலயே."

"உள்ள இன்னா போட்ட?"

"குங்குமம், எலுமிச்சம்பழச் சாறு. ஒத்த ரூபா காசு பதினொண்ணு. வருசா வருசம் போடறதுதான."

"மூடிய ஒட்டினியா?"

"சும்மா மேல வெச்சேன். அதும்மேல யோகேஷ் கல்பூரம் வெச்சாரு."

"அவன் இப்ப எங்க கீறான்?"

"என் எதுருக்க. நான் ஓடிடக் கூடாதுன்னு சார் அவர காவலுக்கு ஒக்கார வெச்சிக்கினு கீறாரு. மத்தியானம் சாப்புடக் கூட வுடல, ரெண்டு பேரையும்."

பத்மாவதி சிரித்தாள். அம்சவேணிக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த நேரத்தில் சின்னம்மா ஏன் சிரிக்கிறாள்?

---

மாலை 4.37.

காக்கிக் கோட்டோடு பஜார் தெருவுக்குள் நுழைந்த பத்மாவதி நேரே கடைக்குப் போகவில்லை. எதிர்ச் சாரியில் பூ விற்கும் கமலம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கினாள்.

"பண்டிக நல்லாப் போச்சாக்கா?"

"போச்சி, போ. இந்த நாணயக்கடைக்காரரு பெரிய மனுசன்னு நெனைச்சேன். வருசா வருசம் அவரு பூசணிக்காய்லதான் டீக்குக் காசு பொறுக்குவேன். இந்த வருசம் ஓடிப் பாத்தா சல்லிக்காசு இல்ல. கஞ்சப்பய!"

"அந்தக் காச மொதல்ல யாருனா எடுத்துட்டாங்களோ?"

"யாரு எடுப்பா? ஒடைச்ச பையன்தான் குனிஞ்சிக்கினு இருந்தான். ஒடைச்சவனே எடுப்பானா? கழிச்ச திருஷ்டிய எவனாவது திரும்ப வூட்டுக்கு எடுத்தும் போவானா?"

"எடுக்க மாட்டான்க்கா. நம்மூர்ல எடுக்கவே மாட்டான்." பூவைத் தலையில் வைத்துக்கொண்டு பத்மாவதி தெருவைக் கடந்தாள்.

---

மாலை 4.45.

கடைக்குள் மூவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லாவின் மேல் ஒரு வெள்ளைத்தாள். அதில் அம்சவேணியின் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் மணிமணியான எழுத்தில் இருந்தன. கையெழுத்து மட்டும் பாக்கி.

"நீங்க யாரும்மா?" என்றார் உமாபதி.

"இவ சின்னம்மா. ஆர்டிசி கண்டக்டரு. ஒரே ஒரு வேல சார். எல்லாருடைய பாக்கெட்டயும் இன்னொரு வாட்டி பாருங்க."

"பாத்தாச்சும்மா. அணா அணாவா பாத்தாச்சு. பதினொண்ணு இருவதுக்கே."

"பூசணிக்காய் ஒடைச்சது எத்தினி மணிக்கு?"

"பதினொண்ணே முக்கால்."

"அப்ப நீங்க தேடினது ஒடைக்கறதுக்கு முன்னாடி. நா சொல்றது ஒடைச்சதுக்கு அப்புறம்."

யோகேஷின் கை மெல்ல பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. போன கை வெளியே வரவில்லை.

"சோதன போட்டப்ப யாருகிட்டயும் பெங்குவின் இல்ல," என்றாள் பத்மாவதி. "கடையிலயும் இல்லன்றீங்க. ஒரே ஒரு சாமானத்த மட்டும் யாரும் தொறந்து பாக்கல. சாமிக்கு வெச்ச பூசணிக்காய எவன் தொறப்பான்? நீங்க கண்ண மூடிக் கும்புட்டப்ப பெங்குவின் டப்பியோட அதுக்குள்ள போச்சி. மூடி ஒட்டல, சும்மா வெச்சதுதான். அப்புறம் நீங்களே ஷட்டரத் தூக்கி, நல்ல நேரம் பாத்து வழியனுப்பி வெச்சீங்க."

"யாரு போட்டது?"

"நாலு பேருல யாரு வேணும்னாலும் போட்டிருக்கலாம். வெளிய எடுத்தவன் ஒருத்தன்தான். பூசணிக்காய் ஒடைச்சவன் திரும்பிப் பாக்க மாட்டான், உள்ள போயி காலக் கழுவுவான். சில்லறைய வெளியாளுங்க எடுப்பாங்க. சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும் இது. யோகேஷ் புதுச் சட்டையோட குனிஞ்சி ரெண்டு கையால வாரினாரு. வழுக்கும்னு வாரினாராம், சரி. அம்சா போட்ட பதினோரு காசு எங்க? எதுத்தாப்ல கமலம்மாவுக்கு ஒண்ணு கூட கெடைக்கல. சேத்துக்குள்ள எது பெங்குவின், எது ரூபான்னு பாக்க நேரமில்ல, மொத்தமா அள்ளிட்டாரு. அத எங்கனா கொண்டும் போயி வைக்கவும் முடியல. ஏன்னா நீங்க அவர காவலுக்கு ஒக்கார வெச்சிட்டீங்க."

"யோகேஷ்," என்றார் உமாபதி. "கைய எட்றா."

எடுத்தான். கல்லாவின் மேல் ஒற்றை ரூபாய்கள் செக்கச்செவேலென்று கொட்டின. நடுவில் ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பி.

"கீழ கெடந்துச்சு மாமா. இப்பத்தான் எடுத்தேன். குடுக்கலாம்னுதான்..."

பத்மாவதி டப்பியைத் திருப்பிக் காட்டினாள். விளிம்பெல்லாம் குங்குமமும் பூசணிச் சதையும் காய்ந்து அப்பியிருந்தன.

"குங்குமம் பக்கத்துலயே வரக் கூடாதுன்னு சொல்வீங்களாமே சார். இது எங்க உருண்டு போயி பூசிக்கினு வந்துச்சி?"

உமாபதி டப்பியைத் துடைத்துத் திறந்தார். உள்ளே ஒரு துளி கறை இல்லை. மஞ்சள் கழுத்தோடு பெங்குவின் நிமிர்ந்து நின்றது. பெருமூச்சு விட்டார். அடுத்த நொடியே அந்த மூச்சு பாதியில் நின்றது. அம்சவேணியைப் பார்த்துவிட்டார்.

யோகேஷ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சென்னையில் ஒரு ஆள் போனில் பெங்குவினை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். அம்சவேணி எப்படியும் வேலையை விட்டுப் போகப் போகிறவள்தானே, பழி அவளோடு போய்விடும் என்று நினைத்தானாம்.

"கடச் சாவியக் கீழ வை," என்றார் உமாபதி. அவன் போன பிறகு அம்சவேணி பக்கம் திரும்பினார். "தப்பு பண்ணிட்டேம்மா. நாலு வருஷம் பாத்த பொண்ண விட்டுட்டு ரத்தத்த நம்பினேன். அவன் மேல கேஸ் குடுக்கட்டுமா? நீ சொல்லு."

அம்சவேணி எழுந்தாள். கல்லாவிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்து, நிதானமாக நான்காகக் கிழித்தாள்.

"அது உங்க வூட்டு வெவகாரம் சார். எனக்கு வேற ஒண்ணு வோணும். வேலைக்கு நன்னடத்தக் கடுதாசி கேட்டிருக்காங்க. பத்து நாளா உங்ககிட்ட கேக்கக் கூச்சப்பட்டுக்கினு இருந்தேன். இப்ப கேக்கறேன். அதே பேனாவுல எழுதிக் குடுங்க."

உமாபதி எழுதினார். நான்கு வருஷமாக இவரை அறிவேன், மிகவும் நேர்மையானவர், பொறுப்பானவர். எழுதும்போது அவர் கண் கலங்கி ஓர் எழுத்து அழிந்தது. அம்சவேணி விடவில்லை. வேறு தாளில் திரும்ப எழுதச் சொன்னாள். கடைமுத்திரையும் குத்த வைத்தாள்.

வெளியே வந்ததும்தான் அவள் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று பத்மாவதி பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கியிருந்தது.

"பசிக்குது சின்னம்மா," என்றாள் அம்சவேணி கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வா மே, தோச துன்னலாம்."

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் மூன்று தோசை தின்றாள் அம்சவேணி. கடிதத்தை மேஜைமேல் வைக்க மனசில்லை, எண்ணெய் படும். பத்மாவதியின் தோல்பையில் போடவும் மனசில்லை. வலது கையால் தின்றபடி, இடது கையில் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.